மியோம்போ காடு யார் பொறுப்பில்? ஒரு தான்சானியக் கிராமத்தின் முன் இருக்கும் வழிகள்

ம்பிங்கோ மரத்தைப் பார்த்தால் விலை போகிற மரம் என்றே தோன்றாது. கோணல்மாணலாக, முள்ளோடு, ஒரே தூரில் மூன்று நான்கு தண்டுகள் கிளம்பி, காட்டோரத்துப் புதர் போல நிற்கும். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பட்டைக்கு அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு வளையம், அதற்கு உள்ளே ஊதா கலந்த கறுப்பில் வயிரம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். நீலகிரிப் பக்கத்து ஈட்டி மரத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவு. கிளாரினெட், ஓபோ போன்ற ஊதுகருவிகளை இந்த வயிரத்தில்தான் செய்கிறார்கள். தென் தான்சானியாவின் மகோண்டே இனச் சிற்பிகள் செதுக்குவதும் இதில்தான். வெட்டும் பருமனுக்கு வர 70 முதல் 100 ஆண்டுகள் ஆகும். தாத்தா காலத்தில் முளைத்தது பேரன் காலத்தில்தான் கோடரிக்கு வரும்.

தான்சானியாவின் தென்கிழக்கில், கில்வா, லிவாலே மாவட்டங்களில், இந்த மரம் நிற்கும் மியோம்போ காட்டில் (கோடையில் இலை உதிர்க்கும் வறண்ட காடு அது) பெரும்பகுதி கிராம நிலம். 2003 இல் ருஃபிஜி ஆற்றின் மேல் ம்காப்பா பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கம் லாரி போவதே பெரும்பாடு. பாலம் வந்ததும் மரம் வடக்கே, நாட்டின் மிகப் பெரிய நகரமான தார் எஸ் சலாமுக்கு ஓடத் தொடங்கியது. காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2007 இல் வெளியிட்ட அறிக்கை அந்தக் காலத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. வந்திருக்க வேண்டிய மர வருவாயில் 96 சதவீதம் வரை வசூலாகவே இல்லை. தான்சானியாவிலிருந்து வந்ததாகச் சீனா கணக்குக் காட்டிய மரம், தான்சானியா அனுப்பியதாகக் காட்டியதைப் போல் பத்து மடங்கு. காடு யாருடைய நிலத்தில் நின்றதோ அந்த ஊர்களுக்குக் கிடைத்தது வெட்டுக்கூலியும் சுமைக்கூலியும்தான்.

இப்படி ஒரு ஊர், சில ஆயிரம் ஹெக்டேர் மியோம்போ காட்டோடு, "இதை என்ன செய்வது?" என்று கூடி உட்கார்ந்தால் அதன் முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதை எதோடு எடைபோட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆப்பிரிக்காவின் சமூக வன மேலாண்மை என்று பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் தான்சானியாவை எடுத்துக்கொள்கிறேன். ஊருக்கே காட்டைக் கொடுக்கும் சட்டம் அங்கே தெளிவாக இருக்கிறது, நல்லதும் கெட்டதுமாக முப்பது ஆண்டு அனுபவமும் இருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1999 ஆம் ஆண்டின் கிராம நிலச் சட்டப்படி ஊர் எல்லைக்குள் இருக்கும் நிலத்தை நிர்வகிப்பது கிராம மன்றம். அதில் அதிகபட்சம் 25 பேர். அதற்கு மேலே, 18 வயது நிரம்பிய எல்லோரும் உட்காரும் கிராமப் பேரவை. 2002 ஆம் ஆண்டின் வனச் சட்டம், அந்த நிலத்தில் இருக்கும் காட்டை ஊரே தன் காப்புக்காடாக அறிவிக்கலாம் என்கிறது. நாட்டில் ஏறத்தாழ 4.8 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது, அதில் 45 சதவீதத்துக்கு மேல் கிராம நிலத்தில். ஆகவே இது எங்கோ ஓரத்தில் இருக்கும் சின்ன விஷயம் இல்லை. அந்த நாட்டுக் காட்டின் பாதித் தலையெழுத்து ஊர்க் கூட்டங்களில் தீர்மானமாகிறது.

எதுவும் செய்யாமல் விடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நடப்பில் பெரும்பாலான ஊர்கள் இருப்பது இதில்தான். காப்புக்காடாக அறிவிக்காத காட்டில் வெட்ட உரிமச் சீட்டு கொடுப்பது அரசு அதிகாரி, கட்டணமும் ஊருக்கு வராது. ஊர்க்காரர் ஒருவர் லாரியை மறித்து "எங்கள் மரம்" என்றால், ஓட்டுநர் சீட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். மறித்தவர் கையில் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

வெட்டுவதை விடப் பெரிய ஆபத்து நிலமே கைமாறுவது. 2000களின் பிற்பாதியில் காட்டாமணக்கு எண்ணெயில் வண்டி ஓட்டலாம் என்ற பரபரப்பு உலகம் முழுக்க இருந்தது. அப்போது ஒரு டச்சு நிறுவனம் கில்வாவில் நான்கு ஊர்களின் நிலத்தில் 34,000 ஹெக்டேர் அளவுக்கு எடுத்தது. 2010 இல் நிறுவனம் திவாலானது. ஊர்க்காரர்களுக்கு நிலம் தானாகத் திரும்பவில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது: முதலீட்டாளருக்குக் கொடுக்கும்போது நிலம் 'கிராம நிலம்' என்ற வகையிலிருந்து அரசு நிர்வகிக்கும் 'பொது நிலம்' என்ற வகைக்கு மாறிவிடுகிறது. அந்தக் கதவு ஒரு பக்கம்தான் சுலபமாகத் திறக்கும். "காலியாகக் கிடக்கிற காடுதானே" என்று ஊர்த் தலைவர்களிடம் சொல்லப்படும் வார்த்தை எவ்வளவு விலை கொடுக்க வைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

அரசின் காப்புக்காட்டில் கூட்டாளி ஆவது

இந்த வழி நம் வாசகர்களுக்குப் பழக்கமானது. கூட்டு வன மேலாண்மை என்ற ஏற்பாடு பேரும் புகழும் பெற்றதே இந்தியாவில்தான். 1970களில் மேற்கு வங்கத்தின் அராபாரியில் தொடங்கியது, பிறகு நம் ஊரிலும் கிராம வனக் குழுக்களாக வந்தது. காடு அரசுடையது, காவலும் உழைப்பும் ஊருடையது, விளைச்சலில் ஒரு பங்கு ஊருக்கு என்பது அதன் சாரம். தான்சானியாவும் 2002 சட்டத்தில் இதற்கு இடம் வைத்தது. உசம்பாரா, உளுகுரு, உட்சுங்வா மலைக் காடுகளைச் சுற்றி இருக்கும் ஊர்களில் இதுதான் நடைமுறை.

சிக்கல் எங்கே என்றால், அந்த மலைக் காடுகள் பெரும்பாலும் ஆறுகளின் தலைப்பகுதி. பல்லுயிர் வளம் மிக்கவை, அதனால் அங்கே மரம் வெட்டத் தடை. தடை நியாயமானதே. ஆனால் வெட்டக் கூடாத காட்டில் எதைப் பங்கு பிரிப்பது? ஊருக்கு மிஞ்சுவது சுள்ளி, மூலிகை, தேன், அதோடு இரவு ரோந்து. அபராதத்தில் இவ்வளவு, சுற்றுலாவில் இவ்வளவு என்று எழுத வேண்டிய ஒப்பந்தங்கள் பல ஆண்டுக்கணக்கில் கையெழுத்தாகாமலே கிடந்தன. ஒரு குழு எத்தனை வருடம் சம்பளமில்லாமல் ரோந்து போகும்? கென்யாவில் 2005 சட்டத்தின் கீழ் வந்த வனச் சங்கங்களும் ஏறத்தாழ இதே நிலையில்தான் இருக்கின்றன: பயன்படுத்தும் உரிமை உண்டு, முடிவெடுக்கும் உரிமை அரசுத் துறையிடம்.

அதனால் என் கருத்து இது. காடு ஏற்கெனவே அரசின் காப்புக்காடாக இருந்தால் ஊருக்கு வேறு வழி இல்லை, கூட்டாளியாகச் சேரட்டும். ஆனால் பங்கு எழுத்தில் வரும்வரை ரோந்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். காடு கிராம நிலத்தில் இருந்தால் இந்தப் பக்கமே போகக் கூடாது.

ஊரின் சொந்தக் காப்புக்காடு

துரு-ஹைதெம்பா கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடக்கே பாபட்டி மாவட்டத்தில் மலைமுகடுகளில் பரவிய ஏறத்தாழ 9,000 ஹெக்டேர் மியோம்போ காடு, சுற்றி எட்டு ஊர்கள். அதை அரசுக் காப்புக்காடாக்க முடிவெடுத்து எல்லை அளக்க ஆட்கள் வந்தார்கள். விளைவு நேர்மாறாகப் போனது. "நாளைக்கு நமக்கு இல்லாமல் போகப் போகிறது, இன்றைக்கே எடுத்துக்கொள்வோம்" என்று ஊரே கோடரியோடு இறங்கியது. காப்பாற்ற வந்த அளவைக் கல்லே வெட்டுக்கு நாள் குறித்தது. 1990களின் தொடக்கத்தில் அரசு அந்த முயற்சியை நிறுத்தி, "சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எப்படி என்று எழுதிக் கொடுங்கள்" என்றது. ஊர்கள் எழுதின. எங்கே மாடு மேயலாம், எங்கே கூடாது, கரிமூட்டம் போடலாமா, பிடிபட்டால் என்ன அபராதம் என்று ஒவ்வொரு ஊரும் தன் விதியைப் போட்டது. காவலுக்குத் தன் இளைஞர்களையே அனுப்பியது. முன்பு அதே காட்டில் சர்வசாதாரணமாக நடந்த கரிமூட்டமும் திருட்டு வெட்டும் சீக்கிரமே அடங்கின. 2002 சட்டத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது.

என்ன மாறியது? காடு அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். "கூடாது" என்று சொல்லும் அதிகாரமும், மீறினால் அபராதம் வாங்கி ரசீது போடும் அதிகாரமும் ஊருக்கு வந்தன. இந்த இரண்டும் இல்லாத எந்தத் திட்டத்தையும் நான் சமூக வன மேலாண்மை என்று ஏற்பதில்லை.

இதற்கு ஆகும் வேலை அதிகம். பக்கத்து ஊர்களோடு எல்லை பேசி முடிக்க வேண்டும், ஊருக்கு நிலச் சான்று வாங்க வேண்டும். பேரவையில் இயற்கை வளக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டில் என்ன மரம் எவ்வளவு என்று கணக்கெடுக்க வேண்டும். மேலாண்மைத் திட்டமும் துணைவிதிகளும் எழுதி மாவட்ட மன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். இவ்வளவுக்கும் பணமும், கணக்கெடுக்கத் தெரிந்த ஆளும், லஞ்சம் கேட்காத அதிகாரியும், பொறுமையும் வேண்டும். லிவாலேயில் ஏறத்தாழ 1.4 லட்சம் ஹெக்டேர் பரந்த அங்காய் காடு பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. நன்கொடை அமைப்புகள் வந்தன, போயின. நடுவே பெரிய ஊர்கள் நிர்வாக வசதிக்காக இரண்டாகப் பிரிந்தன, ஊர் பிரிந்தால் எல்லையும் காகிதமும் மறுபடி முதலிலிருந்து. உள்ளூர் கையிருப்பில் மட்டும் இந்த வேலையை முடித்த ஊர்கள் குறைவு. வெளியிலிருந்து ஒரு அமைப்பின் உதவி ஏதாவது ஒரு கட்டத்தில் தேவைப்பட்டே இருக்கிறது.

பதிலுக்குக் கிடைப்பது பெரியது. ஊரின் காப்புக்காட்டு விளைபொருளுக்கு அரசின் மர வரி கிடையாது, விற்ற பணம் ஊர்க் கணக்குக்கு வரும். மாவட்டத்துக்கு ஒரு சிறு பங்கு கொடுக்கலாம் என்று சில ஊர்கள் பேசி முடிவெடுத்திருக்கின்றன, அது அவர்கள் விருப்பம். ஆனால் இந்தச் சலுகையும் கல்லில் எழுதியது இல்லை. 2019 இல் வந்த புதிய விதிகள் அறுவடை அனுமதியிலும் விலையிலும் மேலிருந்து வரும் கையை மறுபடி நீட்டின. ஊர்கள் கூட்டமைப்பாக நின்று பேச வேண்டிய தேவை அதிலிருந்து வந்ததுதான். ம்ஜுமிதா என்று அழைக்கப்படும் ஊர் வனக் குழுக்களின் நாடு தழுவிய வலையமைப்பு இதற்காக இருக்கிறது. ஒற்றை ஊர் தலைநகரத்தோடு மோத முடியாது.

காப்புக்காடு சரி, பணம் எதிலிருந்து?

உண்மையான தேர்வு இங்கே தொடங்குகிறது. மரம், கரி, கார்பன் என்று மூன்று வழி. மூன்றையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. ஊர் எங்கே இருக்கிறது, காட்டில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொன்றும் பொருந்தும்.

மரத்தை எடுத்துக்கொள்வோம். கில்வாவில் ம்பிங்கோ பாதுகாப்பு மேம்பாட்டு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது. 1990களின் நடுவில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இந்த மரத்தைத் தேடி வந்த ஆய்வுப் பயணத்திலிருந்து வளர்ந்தது அது. ஊர்களைக் காப்புக்காடு அறிவிக்க வைத்து, 2009 இல் அவற்றுக்கு எஃப்.எஸ்.சி. சான்றிதழும் (காடு பொறுப்பாக நிர்வகிக்கப்படுகிறது என்பதற்கான பன்னாட்டுச் சான்று) வாங்கித் தந்தது. ஆப்பிரிக்காவில் ஊர்கள் நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. ஒவ்வொரு ஊரும் தன் கணக்கெடுப்பை வைத்து இந்த ஆண்டு இத்தனை மரம் என்று வரம்பு போடுகிறது. வியாபாரி ஊருக்கு வருகிறார், குழு ஆட்கள் கூடவே காட்டுக்குப் போகிறார்கள். வெட்டிய கட்டையின் முகத்தில் சுத்தியல் முத்திரை விழுந்த பிறகே லாரி நகரும். முன்பு லாரி போன பிறகு ஊருக்குத் தெரிந்தது; இப்போது ஊர் கையசைத்தால்தான் லாரி கிளம்பும். வந்த பணத்தில் கிணறு, பள்ளி அறை என்று ஊர்ப் பேரவை தீர்மானிக்கிறது.

இதன் பலவீனம் மரத்தின் வயதுதான். நூறாண்டு மரத்தை நம்பியிருக்கும் ஊருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவு வருமானம் வராது. ஒரு வருடம் வாங்க ஆளே வராமலும் போகலாம். 2017 தொடக்கத்தில் ஈட்டியும் ம்பிங்கோவும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினத்து மரங்கள் ஏறத்தாழ முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் வந்தன, ஏற்றுமதிக்குக் காகித வேலை கூடியது. இது ஊருக்குக் கெடுதல் என்று நான் எண்ணவில்லை. முறையான தாள் வைத்திருப்பவர்கள் பக்கம் வியாபாரம் சாய அது ஒரு காரணம். ஆனால் ம்பிங்கோவை மட்டும் நம்பாமல் காட்டில் இருக்கும் மற்ற மரங்களுக்கும் சந்தை தேடுகிற ஊர்தான் நிலைக்கும்.

அடுத்தது கரி. இது பலருக்கு முகம் சுளிக்க வைக்கும். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கரி எரிப்பதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எண்ணத்தை மாற்றியது தார் எஸ் சலாமின் அடுப்பு. தான்சானியா ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் கரி எரிப்பதாகவும் அதில் பாதி அந்த ஒரே நகரத்தில் என்றும் உலக வங்கி 2009 இல் கணக்கிட்டது. 2006 இல் அரசு கரிக்குத் தடை போட்டுப் பார்த்தது, நிற்கவில்லை. நகரம் சமைத்தாக வேண்டும், கரி எங்கிருந்தாவது வந்தே தீரும். யாருடைய காட்டிலிருந்து, எந்த விதிப்படி என்பதுதான் கேள்வி.

மொரோகோரோ வட்டாரத்தின் கிலோசா மாவட்டத்தில் 2012 முதல் சுவிட்சர்லாந்து நிதியோடு இதைச் செய்து பார்த்தார்கள். காப்புக்காட்டில் ஒரு பகுதியைக் கரிக்கென்று ஒதுக்கி, அதை 50 மீட்டருக்கு 50 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தார்கள். சதுரங்கப் பலகையில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் வெட்டுவது போல. வெட்டிய கட்டத்துக்குத் திரும்ப வருவது 24 ஆண்டு கழித்து. அடிமரத்தைத் தோண்டக் கூடாது, தரைக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும், ஏனென்றால் மியோம்போ மரங்கள் பெரும்பாலும் கட்டையிலிருந்தே துளிர்க்கும். கணக்கு எளிது: 480 ஹெக்டேர் ஒதுக்கினால் ஆண்டுக்கு 20 ஹெக்டேர், அதாவது 80 கட்டங்கள். அதற்கு மேல் ஒரு கட்டம்கூட வெட்டக் கூடாது.

கரிமூட்டம் போடும் முறையையும் மாற்றினார்கள். நம் ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்தை அடுக்கி மண் பூசுவது போலத்தான் இதுவும். கட்டையை அளவாக வெட்டி, இடைவெளி இல்லாமல் அடுக்கி, புல் போர்த்தி, மேலே மண் மூடி, அடியில் காற்றுத் துளைகள் விடுகிறார்கள். முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், அது மரத்தில் இருக்கும் ஈரம். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலமாகும். அப்போது துளைகளை அடைத்துவிட வேண்டும். அந்த நேரம் தூங்கிவிட்டால் கரி சாம்பலாகிவிடும், அத்தனை மரமும் வீண். அதனால் மூட்டக்காரர் பக்கத்திலேயே குடிசை போட்டுக் கிடப்பார். இந்த உழைப்பைச் செய்கிறவர்கள் ஊரிலேயே கையில் காசு இல்லாதவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் கட்டணம்தான் வருமானம். மரம் நூறாண்டு காக்க வைக்கும், கரி முதல் ஆண்டிலேயே பணம் தரும். எல்லை அளக்க, ரோந்து போக ஆகும் செலவை வெளி நன்கொடை இல்லாமல் தாங்க இது உதவுகிறது. ஆனால் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. 2024 ஜனவரி முடிவுக்குள் நூறு பேருக்கு மேல் சமைக்கும் நிறுவனங்கள் விறகையும் கரியையும் விட வேண்டும் என்று தான்சானிய அரசு உத்தரவிட்டது. 2034 க்குள் 80 சதவீத மக்களைத் தூய அடுப்புக்கு மாற்றுவது என்று இலக்கும் வைத்திருக்கிறது. இலக்கில் பாதி நடந்தாலும், இன்று வெட்டும் கட்டம் மறுபடி வெட்டுக்கு வரும்போது தார் எஸ் சலாம் வேறு நகரமாக இருக்கும். ஆகவே கரியில் இறங்கும் ஊர் அந்தப் பணத்தை முதல் பத்தாண்டில் அடித்தளம் போடச் செலவழிக்கட்டும். அதன்மேல் நிரந்தரச் செலவை ஏற்றக் கூடாது. தார் எஸ் சலாமுக்கு லாரி ஒரு பகலில் போய்ச் சேரும் தூரத்தில் இல்லாத ஊர் கரியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, போக்குவரத்துச் செலவே விலையைத் தின்றுவிடும்.

மூன்றாவது கார்பன். மரத்தில் தங்கியிருக்கும் கார்பன் காற்றில் கலக்காதிருக்க, மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதற்கு வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் தருவது. காதில் விழுந்ததும் இனிக்கும் வழி இது. நல்ல சான்றுகளும் உண்டு. மேற்கே தங்கனிகா மாவட்டத்தில் எட்டு ஊர்கள் என்டகாட்டா மலைக் காட்டைக் காத்து வாங்கும் பணத்தில் பள்ளிக் கட்டடமும் குடும்பங்களுக்குச் சுகாதாரக் காப்பீடும் வந்திருக்கின்றன. யேடா பள்ளத்தாக்கில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள் தங்கள் நிலத்தை உழவர்களிடமிருந்து காத்துக்கொள்ள இந்தப் பணம் துணையாக இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நார்வே 2008 இல் தான்சானியாவோடு ஒப்பந்தம் போட்டு இதே யோசனைக்கான முன்னோடித் திட்டங்களுக்கு நிதி தந்தது. கிலோசாவிலும் லிண்டியிலும் ஊர்க்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நேரடியாகப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் பங்கைத் தாய் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள், அருமையான ஏற்பாடு. ஆனால் சில ஆண்டுகளில் திட்டக் காலம் முடிந்தது, பணமும் நின்றது. அதே கிலோசாவில் அடுத்து வந்ததுதான் மேலே சொன்ன கரித் திட்டம். பணம் எங்கிருந்து வருகிறதோ அந்த இடம் ஊரின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் இப்படித்தான் ஆகும். மியோம்போ மழைக்காடு போல அடர்ந்தது இல்லை, ஒரு ஹெக்டேரில் நிற்கும் கார்பன் குறைவு. ஒப்பந்தமோ பத்து இருபது ஆண்டுக்கு மேல் ஊரைக் கட்டிப் போடும். பெரிய, தொடர்ச்சியான காடும் வெட்டி உழவுக்கு எடுக்கும் நெருக்கடியும் ஒருசேர இருக்கும் இடத்தில் கார்பனைப் பரிசீலிக்கலாம். ஒப்பந்தத்தை நாட்டு மொழியான கிஸ்வாஹிலியில் பேரவை முன் முழுக்க வாசித்த பிறகு, காட்டின் ஒரு பகுதிக்கு மட்டும்.

ஊருக்குள் யாருக்கு இழப்பு

ஊர் என்று ஒற்றையாகப் பேசிவிட்டேன். ஊர் அப்படி இல்லை. காப்புக்காடு அறிவித்த மறுநாள் முதலில் அடி வாங்குவது மூட்டக்காரரும் விறகு விற்கும் பெண்களும். இரிங்கா பக்கத்து ஒரு ஊரில் நடந்த ஆய்வு இதை நேராகச் சொன்னது: காடு மேம்பட்டது, ஊர்க் கணக்கில் பணமும் கூடியது, ஆனால் ஏழைகளின் கரித் தொழில் சுருங்கியது, பலன் செல்வாக்கு உள்ளவர்கள் பக்கம் சாய்ந்தது. மேய்ச்சல்காரர்கள் இன்னொரு தரப்பு. கிலோசாவில் உழவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் இடையே உயிர்ப்பலி வரை போன மோதல்கள் நடந்திருக்கின்றன. மேய்ச்சல்காரர்களைக் கூப்பிடாமல் போட்ட காட்டு விதி, அடுத்த வறட்சிக்கு மேல் தாங்காது.

இந்த இடத்தில் வடக்கே ஷின்யாங்கா வட்டாரத்தின் ன்கிடிலி ஞாபகத்துக்கு வருகிறது. சுகுமா மக்கள் கோடைக்கால மேய்ச்சலுக்கென்று ஒரு துண்டு நிலத்தை மழைக்காலத்தில் மூடி வைப்பார்கள், அதுதான் ன்கிடிலி. வீட்டுக்கும் உண்டு, ஊருக்கும் உண்டு. பருத்திக்கும், மாட்டுக்கு நோய் பரப்பும் ட்சேட்சே ஈயை ஒழிக்கவும் காட்டை வெட்டியதில் நிலம் மொட்டையானது. 1970களில் அரசு மக்களைப் புதிய கிராமங்களில் திரட்டிய உஜாமா குடியேற்றத்தில் அவர்கள் இடம் மாறியபோது பழைய ன்கிடிலிகளும் போயின. 1986 முதல் 2004 வரை நடந்த ஹாஷி என்ற நிலப் பாதுகாப்புத் திட்டம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பழைய பழக்கத்தை மறுபடி எழுப்பியது. நாற்று நட்டதை விட மூடி வைத்ததில்தான் மரம் வந்தது. சில நூறு ஹெக்டேராக எஞ்சியிருந்தது 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்தது. மாடே வாழ்க்கையாக இருக்கும் வட்டாரத்தில் பெரிய காப்புக்காட்டை விட வீட்டுக்கு வீடு ன்கிடிலிதான் பொருத்தம் என்பேன். நைஜரில் உழவர்கள் வயலில் தானாக முளைக்கும் கட்டைத் துளிரை வெட்டாமல் விட்டதில் லட்சக்கணக்கான ஹெக்டேர் பசுமையானதும் இதே வகைதான்.

மற்ற நாடுகளின் சட்டங்களைப் பார்த்தால் தான்சானியாவின் அருமை புரியும். காம்பியா 1998 சட்டத்தில் சோதனைக் காலம் முடிந்தபின் காட்டை ஊருக்கு நிரந்தரமாகவே கொடுக்க வழி செய்தது, அது நல்லது. கேமரூன் 1994 சட்டத்தின் கீழ் அதிகபட்சம் 5,000 ஹெக்டேர், 25 ஆண்டுக்கு என்று வரம்பு போட்டது. திட்ட ஆவணம் தயாரிக்கும் செலவுக்கு ஊர் வெளியாளிடம் கை நீட்ட, கடைசியில் மரம் அவர் கைக்கே போன இடங்கள் உண்டு.

என் தீர்ப்பு

மேலே பேசிய கில்வா மாதிரி ஊராக இருந்தால், நான் சொல்வது இந்த வரிசை: முதலில் காப்புக்காடு அறிவிப்பு, எந்தத் திட்டமும் வருவதற்கு முன். பிறகு மரம், சின்ன வரம்போடு. ஊர் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் காட்டின் ஒரு மூலையில் கரி, மூட்டக்காரர்களையே குழுவில் உட்கார வைத்து. கார்பனுக்கு யாராவது வந்தால் அவசரப்படாமல் பேசலாம். முதலீட்டாளர் 30 ஆயிரம் ஹெக்டேர் கேட்டு வந்தால் காப்புக்காட்டு எல்லைக் காகிதத்தை எடுத்துக் காட்டலாம். அந்தக் காகிதம் இருக்கிற ஊருக்கும் இல்லாத ஊருக்கும் பேச்சின் தொனியே மாறிவிடும்.

ஊரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய பேரவை உண்மையில் கூடுகிறதா? அதில் ரசீதுப் புத்தகம் வாசிக்கப்படுகிறதா? கூடாத ஊரில் எந்த வழியும் வேலை செய்யாது. அங்கே முதல் செலவு காட்டுக்கு வேண்டாம், கூட்டத்தைக் கூட்டவே செய்ய வேண்டும். பெண்கள் பேச வசதியான நேரத்தில், சமையலும் தண்ணீரும் முடிந்தபின்.

வேலையைத் தொடங்கும் மாதமும் முக்கியம். மழை ஓய்ந்து மே கடைசி, ஜூன் வாக்கில் புல் பாதி காய்ந்து பாதி பச்சையாக நிற்கும்போது காட்டின் ஓரங்களில் சிறு தீ வைத்துப் புல்லை எரித்துவிட்டால், செப்டம்பர், அக்டோபரில் வரும் பெருந்தீ உள்ளே நுழைய எரிபொருள் இருக்காது. ம்பிங்கோ கன்றுகளைக் கொல்வது அந்தப் பின்பருவத் தீதான். எல்லையைச் சுற்றி நடந்து பக்கத்து ஊர்க்காரர்களோடு குறி வைக்கும் வேலையையும் அதே நாட்களில் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே நடையில் முடியும். நவம்பர், டிசம்பரில் மழை இறங்கிவிட்டால் கில்வாவின் உட்புறப் பாதைகளில் வண்டி போகாது, பிறகு அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.